கைதானாலே ‘குண்டர் தலைவன்’ ஆகிவிடுவாரா?

சிரம்பான் தோட்டப்புறத்தில் ஓர் இளைஞர் சொஸ்மாவில் கைதானால் போதும், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அவர் ‘குண்டர் கும்பல் தலைவன்’. சட்டம் அப்படிச் சொல்லலை.

2012-ஆம் ஆண்டு சொஸ்மா சட்டம், விசாரணைக்காக ஒருவரை 28 நாள் வரை தடுத்து வைக்க போலீசுக்கு அனுமதி தருகிறது. அப்போது அவர் சந்தேக நபர் மட்டும்தான். தண்டனைச் சட்டம் 130வி பிரிவில் குற்றஞ்சாட்டப்பட்டு, நீதிமன்றத்தில் நிரூபணமானால்தான் அவர் கும்பல் உறுப்பினர். அதற்கு 5 முதல் 20 ஆண்டு வரை சிறை.

இன்னொரு பக்கம், பல கொலைகளுக்காகத் தேடப்பட்டு, 1993-இல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட பெந்தோங் காளியை இன்னும் ‘கெத்து’ என்று பேசுகிறவர்கள் உண்டு. உயிரிழந்தவர்கள் அந்தக் கதையில் வருவதே இல்லை.

பகிர்வதற்கு முன் பாருங்க: இது கைதா, குற்றச்சாட்டா, தீர்ப்பா? விடுதலையானவர் வேலை தேடும்போதும் அந்தத் தலைப்பு கூகலில் இருக்கும்.