கேட் வால்வு யார் கையில்?

வங்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊராட்சிக் கணக்குக் காசோலைகள் என் மேசைக்குத்தான் வரும். ஒரு நாள் ஒரு தலைவர் வந்தார். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் ஜெயித்த நம்மாள். போர் மோட்டார் ரிப்பேருக்கான காசோலை. ஒரு கையெழுத்துதான் இருந்தது. "துணைத் தலைவர் போடலீங்களே" என்றேன். "போட மாட்டேங்கறார் தம்பி" என்றார். விதிப்படி திருப்பிக் கொடுத்தேன். அந்தச் சேரிக்கு அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தியதில் என் கையும் உண்டு.

இப்போது இது ஞாபகம் வரக் காரணம் ஓர் அக்கா. கடலூர் மாவட்டத்தில், எங்கள் ஊருக்கு அடுத்த ஊராட்சியில் 2019 டிசம்பரில் தலைவருக்கு நின்றார். பெண்களுக்கான தனி ஊராட்சி. நின்ற எல்லாருமே நம்மவர்கள்தான். ஜெயித்தது ஊர்த்தெரு நிறுத்திய ஆள். 2025 ஜனவரியில் அந்த ஐந்தாண்டு முடிந்து நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. அன்றைக்கே அக்கா அடுத்த தேர்தலுக்கு வீடு வீடாக ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டார்.

2019இல் அவருக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவன் நான். (வங்கி ஊழியன் அதைச் செய்யலாமா என்று யாரும் சட்டம் பேச வேண்டாம்.) முதல் கோரிக்கையாக 'காலனிக்குத் தனி மேல்நிலைத் தொட்டி' என்று போட்டிருந்தேன். நாம் மேடைக்கு மேடை சொல்லி வந்ததுதானே. அக்கா பேனாவை வாங்கி அதை அடித்தார். "தொட்டி ஒண்ணா இருக்கட்டும் தம்பி. லைனைப் பிரிச்சுக் கேளு." படிக்காத பொம்பள, ஊர்க்காரனுக்கு அனுசரித்துப் போகிறார் என்று நினைத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன் இதை.

அந்த ஊரில் தொட்டி ஊர்த்தெருவில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் ஒரே குழாய் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் காலனிக்கு வருகிறது. வழியில் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சியது போக மிச்சம்தான் நமக்கு. குழாயடியில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் இறங்கிக் குடத்தை வைத்தால்தான் கொஞ்சம் ஒழுகும். தொட்டி ஆபரேட்டர் ஊர்த்தெரு ஆள். நடவுக்குக் கூலி கூடக் கேட்ட வருஷம் கேட் வால்வு நாலு நாள் திறக்கவில்லை. கேட்டதற்கு ரிப்பேர் என்றார்கள். 2019இல் ஜல் ஜீவன் திட்டம் வந்தது, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றார்கள். வாசலுக்கு வாசல் குழாய் நட்டார்கள். குழாய் வந்தது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். தலித்துகள் குடிக்கும் தொட்டியில் மலம். இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர்மீதே குற்றப்பத்திரிகை கொடுத்தது காவல்துறை. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் அக்கா என்னிடம் கேட்டார்: "தனித் தொட்டின்னா அதுல எதைக் கலந்தாலும் நம்ம வயித்துக்கு மட்டும்தானே போவும்? ஒரே தொட்டின்னா கலக்கறவன் வயித்துக்கும் போவும் இல்ல?"

இரட்டைக் குவளையை எதிர்த்து மறியல் செய்த நாம்தான் இரட்டைத் தொட்டியை வளர்ச்சி என்று கேட்டு மனுக் கொடுத்தோம். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் பாபாசாகேப் இறங்கியது பொதுக்குளத்தில். எல்லாருக்கும் திறந்ததாக நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்ட குளம் அது. தனிக் குளம் வெட்டிக் கொடு என்று அவர் கேட்கவில்லை.

அக்காவுக்கு வளர்ச்சி பற்றி வேறு கருத்துகளும் உண்டு. சமுதாயக் கூடம், சிமெண்ட் ரோடு இதெல்லாம் யார் வந்தாலும் போடுவான், அதில் கமிஷன் இருக்கிறது என்பார். ஏரியைப் பற்றித்தான் சூடாகப் பேசுவார். நூறு நாள் வேலையில் வெயிலில் நின்று தூர் வாரியது காலனிப் பெண்கள். பாசனம் அவன் நிலத்துக்கு, மீன் ஏலமும் அவனுக்கே. அந்த ஏலப் பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று கிராம சபையில் எழுந்து கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை, மைக்கை நிறுத்தினார்கள்.

எல்லாம் சரி அக்கா, ஜெயித்தாலும் இரண்டாவது கையெழுத்து வேண்டுமே என்று அந்தக் காசோலைக் கதையைச் சொன்னேன். 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவருக்குக் கிடையாது. நாற்காலியை நமக்குக் கொடுத்துவிட்டுப் பேனாவில் பாதியை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நாற்காலியும் நிச்சயமில்லை: எங்கள் மாவட்டத்துத் தெற்குத்திட்டையில் தலைவரையே தரையில் உட்கார வைத்த படத்தை 2020இல் நாடே பார்த்தது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனோடு துணைத் தலைவரையும் சேர்த்தல்லவா வெட்டினார்கள்?

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தொணத் தலைவரை யாரு தேர்ந்தெடுக்கறா?"

"வார்டு மெம்பருங்க."

"அப்ப ஒம்போது வார்டு இருக்குதில்ல?"

விரல் விட்டு எண்ணினார். காலனி மூன்று வார்டு. வண்ணார், குயவர் வீடுகள் இருக்கிற தெரு ஒன்று. அவர்களுக்கும் தண்ணீர் கடைசியில்தான் வருகிறது, போய்ப் பேசலாம். இன்னும் ஒன்று கிடைத்தால் ஐந்து. தலைவர் பதவிக்கே மாய்ந்து மாய்ந்து வேலை செய்த நம் இயக்கங்களில் எது இப்படி வார்டை எண்ணியது? நான் எண்ணியதில்லை.

காலனியிலேயே இரண்டாவது வார்டுக்கு ஆள் இல்லை. பி.காம். முடித்த பெண் ஒருத்தி இருக்கிறாள், நிற்கத் தயார். அவள் அப்பா, ஆபரேட்டரின் அண்ணன் நிலத்தில் பண்ணையாள். வேண்டாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார் அக்கா.