‘எடு’ என்று எழுதினால் போதுமா?

பிரெஞ்சு படிக்கும் நம்மில் பெரும்பாலோர் நோட்டில், முதல் சில பக்கங்களுக்குள் ஒரு வரி இருக்கும்: ‘ப்ராந்த்ர் – எடு’. அந்த வரியின் மேல்தான் எனக்குக் கோபம்.

ஒருநாள் தமிழாக்கம் செய்யக் கொடுத்த வாக்கியங்களில் ‘லே பெஷேர் ப்ரென் லா மேர்’ என்று ஒன்று இருந்தது. பெஷேர் என்றால் மீனவர், மேர் என்றால் கடல். மனப்பாடம் செய்திருந்தபடியே ‘மீனவர்கள் கடலை எடுக்கிறார்கள்’ என்று எழுதிவிட்டேன். வகுப்பே சிரித்தது. “வீராம்பட்டினத்துப் பெண்ணுக்கே தெரியவில்லையா?” என்று ஒருத்தி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மீனவர்கள் கடலுக்குப் புறப்படுகிறார்கள் என்பதே அதன் பொருளாம். விடியுமுன் எங்கள் வீட்டில் நடப்பதுதான்! வீட்டில் சொன்னேன். அப்பா சிரித்தார். ஆயா சிரிக்கவில்லை. “கடலப் பத்தி அப்படியெல்லாம் எழுதாதே” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அகராதியைப் பிரித்தேன். ரயில், காபி, சளி, தீ, புகைப்படம், செடியின் வேர், இறுகும் சிமெண்டு என்று எல்லாவற்றோடும் இந்த ஒரே வினைச்சொல் வருகிறது. ‘எடு’ என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிமெண்டு எதை எடுக்கும்? பிறகு ‘பிடி’ என்று வைத்துப் பார்த்தேன். ரயிலைப் பிடிக்கிறோம். சளி பிடிக்கிறது. தீப்பிடிக்கிறது. படம் பிடிக்கிறோம். செடி வேர் பிடிக்கிறது. வேலைக்கு நேரம் பிடிக்கிறது. அப்பா மீன் பிடிக்கிறார். எனக்கு ஒரே வியப்பு!

அதற்காக ‘எடு’வை அடித்துவிட்டு ‘பிடி’ என்று எழுதினால் அதுவும் தவறே. காபியை நாம் குடிக்கிறோம், பிடிப்பதில்லை. ‘எனக்கு மல்லிகை பிடிக்கும்’ என்பதற்கு ப்ராந்த்ர் உதவாது, அங்கே ‘எமே’ என்ற வேறு வினை வேண்டும். ஸ்பானிய மொழியில் ‘தொமார்’ என்ற வினையும் இப்படித்தான் பஸ்ஸுக்கும் காபிக்கும் பொதுவாக வருகிறது. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அதைத் தனியாகச் சொன்னால் மது அருந்துவதையே குறிக்குமாம். (பள்ளி மலரில் இதை எழுதலாமா என்று சற்று யோசித்தேன்.)

பல பொருள் ஒரு சொல்லைப் பற்றித் தமிழ் வகுப்பில் படித்தோம் அன்றோ? உடன் வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவாகும் என்று தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. மணி அடித்து அடுத்த வகுப்பு தொடங்கியதும் இதை ஏன் மறந்துவிடுகிறோம்? ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற பட்டியலை விட்டுவிட்டு, வினையை அதன் துணைச் சொற்களோடு முழு வாக்கியமாக எழுதிப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. தேர்வுக்கு முதல் நாள் பட்டியல்தான் வசதி என்பீர்கள். மறுக்கவில்லை, எனக்கும் மதிப்பெண் வேண்டும்.

ஆனால் “பிரெஞ்சில் மதிப்பெண் அள்ளலாம், தமிழ் எதற்கு?” என்று சொல்லும் தோழியரோடு எனக்கு உடன்பாடில்லை. ‘பிடி’ என்ற சொல் என்னிடம் இல்லாதிருந்தால் ப்ராந்த்ர் எனக்குப் புரிந்தே இருக்காது. பிரான்சிலிருந்து வந்த தந்தை மூசேயும் தந்தை துபுயும் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, இதே புதுச்சேரியில் மிஷன் அச்சகத்தில் 1855லும் 1862லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அவர்கள் எதிர்த் திசையிலிருந்து வந்து தமிழைக் கற்றவர்கள். நாம் கையிலிருப்பதை விட்டுவிடலாமா?

என் நோட்டில் ப்ராந்த்ருக்கு இப்போது ஒன்றரைப் பக்கம். கடல் வாக்கியத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டேன். “தொழிலுக்குப் போறாங்கன்னு எழுது” என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண் உண்டா என்று ஆசிரியையிடம் இனிமேல்தான் கேட்க வேண்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, வீராம்பட்டினம்