வெட்டுவதா, பார்த்திருப்பதா?

கேள்வி: எனக்கு வயது 38. கழுத்தில் தைரொயிட் கட்டி. ஊசியால் எடுத்துச் சோதித்ததில், "மூன்றாம் வகை, நிச்சயமில்லை" என்று வந்துள்ளது. மீண்டும் சோதித்துக் கவனித்து வரலாம், விரும்பினால் கட்டியுள்ள பாதிச் சுரப்பியை அகற்றலாம் என்கிறார் வைத்தியர். உம்மா கத்தி வேண்டாம் என்கிறார். கணவர் உடனே வெட்டச் சொல்கிறார். எது தவக்குல்?
- ஒரு சகோதரி

பதில்: சகோதரியே, இரண்டிலும் தவக்குல் இருக்கலாம். இரண்டிலும் இல்லாமலும் போகலாம்.

நபி (ஸல்) அவர்கள் உபை பின் கஅப் (ரழி) அவர்களிடம் ஒரு வைத்தியரை அனுப்பினார்கள். அவர் நாளம் ஒன்றை வெட்டிச் சூடிட்டதாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எனவே கத்தி தவக்குலுக்கு மாற்றமல்ல. வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி துஆக் கேட்டு வந்தபோது, பொறுத்தால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்கான துஆ என இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தெரிவு செய்தார் (புகாரி, முஸ்லிம்). கவனியுங்கள், முடிவு நோயாளியிடமே விடப்பட்டது.

அறியாததை அறிந்தவரிடம் கேட்கச் சொல்கிறது மார்க்கம். இங்கே அறிந்தவர்கள் வைத்தியர்களே. அவர்கள் கூறுவது: தைரொயிட் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஊசிச் சோதனை முடிவுகள் ஆறு வகை. இரண்டு, தீங்கற்றது. ஐந்து, ஆறு என்றால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை. மூன்று இடைநிலை, மறுசோதனையில் பலருக்கு விடை தெளிவாகிவிடும். ஜப்பானின் கோபே நகரில் 1993 முதல், 1 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த புற்றுக் கட்டிகளைக்கூட வெட்டாமல் கண்காணித்து வருகிறார்கள். பத்து ஆண்டுகளில் 100 பேரில் சுமார் 8 பேருக்கே கட்டி 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ வளர்ந்தது.

வெட்டுவதிலும் இழப்பு உண்டு. குரல் நரம்பு பாதிக்கப்படலாம். முழுச் சுரப்பியையும் எடுத்தால் ஆயுள் முழுதும் குளிசை, கல்சியமும் குறையலாம். பாதியை மட்டும் எடுத்தால் பலருக்குக் குளிசை தேவைப்படாது.

ஆனால் பார்த்திருப்பது மறந்திருப்பதல்ல. கட்டியைப் பர்தாவுக்குள் மறைத்து, ஸ்கேன் திகதியைத் தள்ளிப்போடுவது பொறுமையல்ல, அச்சம். கட்டி வேகமாக வளர்ந்தால், குரல் கம்மினால், விழுங்கச் சிரமமானால் தவணைக்குக் காத்திராமல் செல்லுங்கள்.

உம்மாவின் பயமும் கணவரின் அவசரமும் அன்பினால் வந்தவை. இயன்றால் இருவரையும் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கட்டியின் அளவென்ன, ஸ்கேனில் அதன் தோற்றம் எப்படி, மறுசோதனை எப்போது, என்ன கண்டால் வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராச் செய்யுங்கள். கனவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மனம் உறுதிப்பட்ட வழியில் இறங்குங்கள். கவனித்து வருவதாக முடிவு செய்தும் இரவெல்லாம் பயத்தில் தூக்கமின்றிக் கழிந்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சத்திரசிகிச்சையைத் தெரிவதற்கு அதுவும் ஒரு நியாயமே.

அல்லாஹ் உங்களுக்குப் பூரண ஷிபாவைத் தருவானாக.