கிணற்றுக் கப்பியும் வாய்க்கால் கப்பியும்

எங்கள் வளவுக் கிணற்றில் கப்பி மீன் விட்டது நுளம்புக்காகத்தான். டெங்குப் பயத்தில் ஒரு போத்தலில் கொண்டுவந்து ஊற்றினோம், குடம்பிகள் காணாமற்போயின. அடுத்த மாரியில் வெருகலாறு பெருகி, கிணற்றுக் கட்டையும் மூடிக்கொண்டு வெள்ளம் ஓடியது. வற்றியபின் பார்த்தால் கிணற்றிலும் கப்பி, வயல் வாய்க்காலிலும் கப்பி.

மூன்று வருடம் கழித்து இரண்டு இடத்து மீனையும் வெள்ளைப் பேசினில் விட்டுப் பார்த்தேன். கிணற்று ஆண்களின் விலாவில் செம்மஞ்சள் பொட்டு, கறுப்புப் புள்ளி, நீல மினுக்கம். வாய்க்கால் ஆண்களில் பொட்டுகள் சிறுத்தும் குறைந்தும் இருந்தன. வாய்க்காலில் விராலும் மீன்கொத்தியும் உண்டு, கிணற்றில் இல்லை.

இருபத்தேழு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். கூர்ப்பு என்றால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைக் கரும்பலகையில் வரைவேன். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். நம்பினார்களா என்று நான் கேட்டதில்லை. அந்தப் பாடத்தைக் கிணற்றடியில் நடத்தியிருக்க வேண்டும் என்று இப்போது மனம் அடித்துக்கொள்கிறது.

கப்பியின் தாயகங்களில் ஒன்றான திரினிடாட்டில் ஜோன் எண்ட்லர் என்ற உயிரியலாளர் இதே வேறுபாட்டைச் சோதித்துப் பார்த்தார். 1976இல், கொன்றுதின்னும் பெருமீன்கள் உள்ள ஓடையிலிருந்து 200 கப்பிகளை எடுத்து, அந்தப் பெருமீன்களும் கப்பியும் இல்லாத வேறோர் ஓடையில் விட்டார். இரண்டு வருடத்துக்குள், ஏறக்குறைய பதினைந்து தலைமுறையில், ஆண்களின் பொட்டுகள் கூடின, பெருத்தன. காரணம், பெண்மீன்கள் பொதுவாகச் செம்மஞ்சளை விரும்புகின்றன. அந்த நிறத்துக்கு வேண்டிய பொருள்களில் ஒன்றை மீனால் உடலில் உண்டாக்க முடியாது. பாசி போன்ற இரையிலிருந்துதான் பெறவேண்டும். ஆகவே பளிச்சென்ற பொட்டு, இரை தேடுவதில் கெட்டிக்காரன் என்பதற்கு அடையாளம். ஆனால் பெண்மீனின் கண்ணில் படுவது பகைமீனின் கண்ணிலும் படும். வளர்ப்புக் குளங்களில் எண்ட்லர் இன்னொன்றும் கண்டார்: பகைமீன் இருந்த குளங்களில் பொட்டின் அளவு அடியில் கிடந்த சரளைக்கல்லின் அளவை ஒத்துவந்தது.

என் பேசினில் கண்டது அதேதானா? கிணற்றுச் சுவரில் பாசி கூட; நிறவேறுபாடு இரையால் மட்டும் வந்திருக்கலாம். அதைத்தான் பிள்ளைகள் தீர்க்கவேண்டும். இரண்டு இடத்து மீன்களையும் ஒரேமாதிரியான தனித்தனித் தொட்டி, ஒரே இரை என்று வைத்துக் குஞ்சு ஈனவிட்டு, பிறந்த ஆண்களின் பொட்டுகளை எண்ணட்டும். ஒரு மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும் மீன். ஒரு பாடசாலை வருடம் போதும். ஈச்சிலம்பற்றுப் பாடசாலைகளில் இதைத் தொடங்க நான் தொட்டி கொண்டுவருவேன்.

ஒன்று மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். எண்ணி முடிந்த மீனை ஆற்றிலோ குளத்திலோ ஊற்றக்கூடாது. கப்பி நம் நீருக்கு வந்தேறி. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். நுளம்புக்குக் கப்பிதான் வேண்டும் என்றில்லை; தலையில் வெள்ளிப்பொட்டுள்ள நம் ஊர்ச் சிறுமீனும் குடம்பி தின்பதுதான். இனியும் வெள்ளத்தில் கப்பி வெளியேறாதிருக்க, அடுத்த மாரிக்குமுன் எங்கள் கிணற்றுக் கட்டை இரண்டடி உயர்த்தப்போகிறேன்.