கொடிக்கம்பத்தோடு நின்றுவிட்டவள்

"'பஞ்சாயத்' கெட்டுவிட்டது, சார்!" என்று நண்பர் ஒருவர் அங்கலாய்த்துக்கொண்டார். 2020-ல் வந்த முதல் பாகத்தில் இருந்த வெள்ளை மனம் 2025-ல் வந்த நான்காம் பாகத்தில் இல்லையாம். சுரைக்காய்ச் சின்னத்துக்கும் குக்கர்ச் சின்னத்துக்கும் நடக்கிற தேர்தல் சண்டையில் கிராமத்தின் அழகே போய்விட்டதாம்.

நான் கேட்கிறேன்: அந்தக் கிராமத்துக்குள் அரசியல் எப்போது நுழைந்தது? உத்தரப் பிரதேசத்துப் பல்லியா ஜில்லாவில் இருப்பதாகச் சொல்லப்படும் கற்பனை ஊர் புலேரா. அங்கே பஞ்சாயத்துக் காரியதரிசியாக வந்து சேர்கிறான் அபிஷேக். தலைவர் என்று ஊர் கொண்டாடுவது துபேயை. சட்டப்படி தலைவியோ அவர் மனைவி மஞ்சு தேவி. அவள் அடுப்படியில் இருக்கிறாள். இதைவிடப் பெரிய அரசியல் என்ன வேண்டும்? 1993-ல் அமலுக்கு வந்த எழுபத்து மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு இடம் ஒதுக்கிற்று. நாற்காலி அவளுக்கு, உட்காருகிறவர் அவர். ரகுவீர் யாதவ் தேர்ந்த நடிகர்; ஆகவே சிரிப்பு வருகிறது. சிரித்துச் சிரித்தே அந்த அபகரிப்பை மன்னித்துவிட்டோம். 2024-ல் தமிழில் 'தலைவெட்டியான் பாளையம்' என்று வந்தபோதும் அதே இடத்தில் சிரித்தோம்.

என் புகார் வேறு. இந்தத் தொடரில் ஆண்கள் வளர்கிறார்கள். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுப் புத்தகமும் கையுமாக, எப்போது ஓடலாம் என்றிருந்த அபிஷேக், ஊர் வழக்கைத் தன் வழக்காக எடுத்துக்கொள்கிறான். ராணுவத்திலிருந்த மகனைப் பறிகொடுத்த பிரஹ்லாத், பழைய விகடப் பேர்வழியாகத் திரும்பவே இல்லை. நல்ல எழுத்து, மறுக்கவில்லை.

மஞ்சு தேவி? முதல் பாகத்தின் முடிவில் தேசிய கீதம் கற்று, குடியரசு தினத்தன்று கொடியேற்றினாள். பிறகு அங்கங்கே துணிந்து பேசுகிறாள். அதிகாரம் மட்டும் கைக்கு வரவில்லை. தேர்தலில் அவள் தோற்று, கிராந்தி தேவி ஜெயித்தாள் என்கிறார்கள். பெயருக்குத்தான். மனைவிமார் பெயரில் மோதிக்கொண்டவர்கள் கணவன்மார்.

"வாழ்க்கையில் அப்படித்தானே நடக்கிறது?" என்பீர்கள். நடக்கிறது. ஆனால் அவளை விழிக்கச் செய்தது யார்? கதாசிரியன்தான். விழித்தவளை மறுபடி தூங்க வைக்க அவனுக்கு உரிமை கிடையாது. தூக்கம் கலைந்தவள் என்ன பாடுபடுகிறாள் என்றாவது அவன் காட்டியிருக்க வேண்டும்.

கிராமத்தின் வெள்ளை மனம் போய்விட்டதே என்று நண்பருக்கு வருத்தம். அடுப்படியிலிருந்து அதற்கு விலை கொடுத்து வந்தவளைப் பற்றியது என் வருத்தம்.