வெள்ளத்தில் மூழ்கிய கார் உங்கள் வாசலுக்கு வருகிறதா?

ஐப்பசி பிறந்தால் போதும். செங்கல்பட்டுப் பக்கம் பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும்.

"இனிமேல் இந்த ஸ்கூட்டரில் முடியாதுங்க. பிள்ளைகள் நனைகின்றன. ஒரு கார் வாங்கிவிடுவோம்!"

நியாயமான பேச்சுதான். முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி. நாலு பேருக்கும் ஒரே மழைக் கோட்டு. இப்படி மறைமலைநகருக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் போய் வருகிற குடும்பங்கள் எத்தனை!

புதுக் கார் வாங்கப் பணம் இல்லை. ஆகவே பழைய கார். அதிலும், பள்ளம் மேடு பார்க்காமல் போகிற உயரமான கார் வேண்டும். எஸ்.யூ.வி. என்கிறார்களே, அந்த ஜாதியில் சின்னது. நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிடும் குட்டி எஸ்.யூ.வி.

கையில் இருப்பது நாலு லட்சமோ ஐந்து லட்சமோ. அதில் பாதி, நகையை அடகு வைத்த பணம். அந்தப் பணம் போனால் திரும்ப வராது. ஆகவே, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மிதந்த கார்கள் எங்கே?

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பொங்கியது. முடிச்சூர் வட்டாரம் மூழ்கியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மறு ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் ஒரு குடியிருப்பில் நிறுத்தியிருந்த கார்கள், காகிதக் கப்பல் போல் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போன காட்சியை நாடே பார்த்தது.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் என்ன செய்தார்கள்? மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள்! சிரித்தவர்களும் உண்டு. ஆனால் சூடு கண்ட பூனை அல்லவா?

சரி, மூழ்கிய கார்கள் எல்லாம் என்ன ஆயின? பழுது பார்க்கும் செலவு, இன்ஷூரன்சில் காருக்குப் போட்ட மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், காரையே "முழு நஷ்டம்" என்று கணக்கில் எழுதிவிடுவார்கள். சொந்தக்காரருக்குப் பணம் கிடைத்துவிடும். கார் ஏலத்துக்குப் போகும். சில கார்கள் உடைக்கப்பட்டு இரும்பு ஆகும். சில கார்கள் கழுவப்பட்டு, உலர்த்தப்பட்டு, புது சீட் உறை மாட்டிக்கொண்டு வேறு ஊரில் விற்பனைக்கு நிற்கும். இன்ஷூரன்சுக்கே போகாமல், தெருமுனை மெக்கானிக்கிடம் சரி செய்துகொண்டு விற்றவர்களும் இருப்பார்கள்.

"டாக்டர் ஓட்டின வண்டி சார்! ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார்!"

புரோக்கர் இப்படித்தான் சொல்வார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதி டாக்டர்களுடையவை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது!

தண்ணீர் பட்டால் என்ன, காய்ந்துவிடாதா என்று கேட்கலாம். இந்தக் காலத்துக் காரில் என்ஜினைவிட ஒயர்கள்தான் அதிகம். காற்றுப் பையை விரியச் செய்யும் சிறு பெட்டி, பல கார்களில் தரையோடு தரையாகத்தான் இருக்கும். சேற்றுத் தண்ணீர் அங்கே போனால், அன்று ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒயர் முனைகள் பச்சை பூக்கும். விபத்து நேரும் அன்று பை விரியாமலே போகலாம்.

பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

காரில் ஏறியதும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சீட்டைக் கழுவுகிறவன், பெல்ட்டின் சுருளுக்குள் இருக்கும் பகுதியை மறந்துவிடுவான். அங்கே சேற்றுக் கறை ஒரு கோடு போல் இருந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் தள்ளும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா? முன் விளக்குக் கண்ணாடிக்குள் நீர்க்கோடு தெரிகிறதா? காருக்குள் சென்ட் வாசனை மூக்கைத் துளைத்தால், அதற்கு அடியில் வேறு வாசனை இருக்கிறது என்று அர்த்தம். என்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில், பால் காப்பி நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். அதில் "நோ கிளெய்ம் போனஸ்" என்று ஒரு வரி இருக்கும். ஓர் ஆண்டு நஷ்ட ஈடு கேட்காதவருக்கு 20 சதவீதம் தள்ளுபடி. பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதம் ஆகும். நஷ்ட ஈடு வாங்கினால் மறுபடியும் பூஜ்யம்! ஆறு வருஷக் காரில் பூஜ்யம் என்று இருந்தால், "ஏன்?" என்று கேளுங்கள். பாலிசியை நடுவில் விட்டுவிட்டாலும், கார் சமீபத்தில் கை மாறியிருந்தாலும் பூஜ்யம்தான் வரும். ஆகவே பூஜ்யம் என்பதாலேயே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கேட்கும்போது விற்பவர் முகத்தைப் பாருங்கள்!

பனி இல்லாத ஊரில் உப்பு

கனடாவில் டொரண்டோ நகரில் நம் தமிழர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அங்கே மழைக்காலத்துக்குப் பதில் பனிக்காலம். ரோட்டில் உறைந்த பனியை உருக்க உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும். ஆகவே அங்கே பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் குனிந்து அடியில்தான் பார்ப்பார்கள்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது! கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடல் காற்று வீசாத நாள் எது? கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக் காற்று அரித்திருக்கிறது. இரும்புத் தகடு எம்மாத்திரம்?

கடலோரத்தில் ஓடிய காரை, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கொண்டு ராம்ப்பில் ஏற்றிப் பாருங்கள். சேசிஸ், சைலென்சர், பிரேக் குழாய் ஆகியவற்றில் மேல் துரு என்றால் பரவாயில்லை. திருப்புளியால் குத்தினால் உதிர்கிற துரு என்றால் வேண்டாம். அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால், அதற்கும் காரணம் கேளுங்கள். மெக்கானிக்குக் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரம் வீண் செலவு அல்ல.

நம் ஊரில் பிறந்த கார்

குட்டி எஸ்.யூ.வி. என்றால் நம் மாவட்டத்துக்கு ஒரு தனி உறவு உண்டு. மறைமலைநகரில் போர்டு கம்பெனி தயாரித்த "எக்கோஸ்போர்ட்" கார், 2013-ல் விற்பனைக்கு வந்தது. இந்த வகைக் கார் நாடெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். இங்கிருந்து அமெரிக்காவுக்கே கப்பல் ஏறியது! 2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. மறு ஆண்டு மறைமலைநகரில் கடைசிக் கார் இறங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் தவித்தது இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறந்திருக்காது.

தயாரிப்பு நின்ற கார் என்பதால் பழைய எக்கோஸ்போர்ட்டுக்கு விலை குறைவாகவே சொல்வார்கள். தரையிலிருந்து 200 மில்லி மீட்டர் உயரம். பலமான பாடி. சர்வீஸும் உதிரி பாகங்களும் கிடைக்கும் என்று கம்பெனி அப்போதே உறுதி சொன்னது. வாங்கலாமா? வாங்கலாம் என்பதே என் எண்ணம். ஆனால் விலை பேசுமுன், பின் விளக்கு ஒன்றும் பம்பர் ஒன்றும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று இரண்டு கடைகளில் விசாரியுங்கள். உங்கள் பக்கத்துத் தெருவிலேயே அந்தக் காருக்குப் போல்ட் முடுக்கிய தொழிலாளி ஒருவர் இருக்கலாம். புரோக்கரைவிட அவர் யோசனை மேல்!

மாருதி பிரெஸ்ஸா, டாட்டா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் ஆகியவையும் இந்த ஜாதிதான். எதை வாங்கினாலும் 2019 ஏப்ரலுக்குப் பின் விற்ற காராக இருந்தால் நல்லது. அப்போதுதான் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம் ஆனது. ஈர ரோட்டில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காப்பது அதுதான்.

விலை இறங்க வேண்டுமே!

இப்போது வரிக் கதைக்கு வருவோம். 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய கார்களுக்கு 18 சதவீத வரி என்று முடிவு செய்தது. "ஐயோ, ஐந்து லட்சம் காருக்குத் தொண்ணூறாயிரம் வரியா?" என்று ஜனங்கள் பதறினார்கள். அது தப்புக் கணக்கு. வரி, வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான். நாலரை லட்சத்துக்கு வாங்கி ஐந்து லட்சத்துக்கு விற்றால் லாபம் ஐம்பதாயிரம். வரி 9,000 ரூபாய். முன்பு சிறிய கார்களுக்கு இருந்த 12 சதவீதத்தில் அது 6,000 ரூபாய். வித்தியாசம் மூவாயிரமே! பக்கத்து வீட்டுக்காரர் தம் காரை உங்களுக்கு விற்றால் இந்த வரியே கிடையாது.

பெரிய மாற்றம் 2025 செப்டம்பர் 22-ந் தேதி வந்தது. நாலு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி சேராமல் ஆறு லட்சம் விலையுள்ள கார், முன்பு 7 லட்சத்து 74 ஆயிரம். அதற்குப் பின் 7 லட்சத்து 8 ஆயிரம். குறைந்தது 66 ஆயிரம்!

புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கத்தானே வேண்டும்? ஆனால் சிலர் பழைய விலையையே சொல்வார்கள். ஆகவே முதலில் புதுக் கார் கடையில் அதே காரின் இன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு, பிறகு பேரம் பேசுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்குள் என்றால், பழசை வாங்குவதில் அர்த்தம் இல்லை.

பெயர் மாறாத கார்

"சாவியை வாங்கிக்கோங்க, பேரை மெதுவா மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விற்பவர் 29-ம் நம்பர் பாரத்திலும், வாங்குபவர் 30-ம் நம்பர் பாரத்திலும் கையெழுத்துப் போட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டும். ஆர்.சி.யில் பெயர் யாருடையதோ, விபத்து நடந்தால் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஆகவே இது விற்பவருக்கும் ஆபத்து! இன்ஷூரன்சையும் 14 நாளில் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். ஆர்.சி.யில் பாங்குக் கடன் இன்னும் பதிவாகி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டில்லி நம்பர் கார் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அங்கிருந்து ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் வாங்குவதற்குள் அந்தச் சல்லிசு கரைந்துவிடும்.

உயரம் இருக்கிறது என்று இறங்காதீர்கள்

கடைசியில் ஒரு முக்கியமான விஷயம். இந்தக் குட்டிக் கார்களில் அநேகமாக எல்லாமே முன் சக்கரத்தால் மட்டும் இழுக்கப்படுபவை. ஜீப் போலத் தோற்றம்தான், ஜீப் அல்ல! வெள்ளத்தில் இறங்கினால், என்ஜின் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிடும். கார் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை அமுக்க முடியாமல் உள்ளே தண்டு வளைந்துவிடும். இந்தச் செலவைச் சாதாரண இன்ஷூரன்ஸ் தருவது இல்லை. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் இருந்தால், ஒரு காசும் வராது.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 3522 என்றால் 2022-ம் ஆண்டு 35-வது வாரத்தில் செய்தது. வழுக்கையான டயர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேங்கிய நீரின் மேல் சறுக்கிவிடும்.

கார் பார்க்கப் போவதற்கு நல்ல நாள் எது தெரியுமா? நல்ல மழை நாள்! கூரையில் ஒழுகுகிறதா, வைப்பர் துடைக்கிறதா, கண்ணாடியில் படரும் புகை ஏ.சி. போட்டதும் விலகுகிறதா என்று எல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும். குடையோடு போங்கள். வீட்டு அம்மாளையும் அழைத்துப் போங்கள். சென்ட் வாசனைக்கு அடியில் இருக்கும் சேற்று வாசனை அவர் மூக்குக்குத் தப்பாது.