காருக்குள் தண்ணீர் வந்த வழியைக் காட்டச் சொல்லுங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் என் ஷெட்டுக்கு ஒரே புகாரோடு வண்டிகள் வர ஆரம்பிக்கும். "கண்ணாடி உள்ளே மூடிக்குது, ஒரு வாடையும் வருது அண்ணே." வேளச்சேரியில் கார் ஏ.சி. வேலை பார்க்கிறவன் நான். கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து என்னிடம் வருவார்கள். அதற்குள் வேறு எங்கோ உள்புறத்தைக் கழுவி, வாசனை டப்பாவும் மாட்டி, அதற்குக் காசும் வாங்கியிருப்பார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் இந்த வேலைக்குக் காசு வாங்குவது தவறு என்பதே என் கருத்து.

கண்ணாடி வேர்ப்பதெல்லாம் கோளாறு இல்லை. நனைந்த உடுப்போடு நாலு பேர் ஏறி, ஜன்னலையும் மூடி, ரீசர்குலேஷன் பட்டனையும் அழுத்தியிருந்தால் மூச்சில் வரும் ஈரம் போக வழியில்லை. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மழை பட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் மிச்சம் நீராகப் படிகிறது. அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஊட்டிக்குப் போகிறவர்கள் குளிருக்குப் பயந்து ஏ.சி.யை அணைத்துவிடுகிறார்கள். அங்கும் ஹீட்டரோடு ஏ.சி. ஓடட்டும், காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிப்பது அதுதான்.

ஆனால் ராத்திரி முழுக்கப் பூட்டி நின்ற வண்டி காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால், பெரும்பாலும் எங்கோ தண்ணீர் நிற்கிறது. கார்பெட்டை மேலே தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள். அடியிலிருக்கும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கையை உள்ளே விட்டு அழுத்திப் பார்க்க வேண்டும்.

முன் இடது கால் பக்கம் ஈரம் என்றால் முதல் சந்தேகம் ஏ.சி. வடிகால் குழாய் மேல். ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுவது நல்லதுதான். புழுக்கமான நாளிலும் சொட்டவில்லை என்றால் குழாய் அடைத்து, தண்ணீர் உள்ளே வழிகிறது. தொட்டால் வழுவழுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது கூலன்ட். ஹீட்டர் காயில் போய்விட்டது. அதை அன்றே பார்க்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தை அடிக்கடி பாருங்கள். பொடி இலை வடிகாலை அடைத்தால் மழைத் தண்ணீர் ப்ளோயர் வழியாக உள்ளே இறங்கும். சன்ரூஃப் குழாய்களும் அப்படி அடைப்பவைதான்.

நான் அதிகம் கோபப்படுவது கதவு விஷயத்தில். கதவுக் கண்ணாடியை ஒட்டி மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அது உள்ளே வராமல் டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட், கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டவோ பவர் விண்டோ பார்க்கவோ பேடைக் கழற்றுகிறவர் அந்த ஷீட்டைக் கிழித்து, இரண்டு இடத்தில் செலோ டேப் போட்டு மூடிவிடுகிறார். முதல் மழையிலேயே டேப் உரிந்து தண்ணீர் கார்பெட்டுக்கு வருகிறது. ஓனர் ஜன்னல் ரப்பரை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

ஒழுகலைப் பிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். உள்ளே நன்றாகக் காயவைத்து, இணைப்புகளில் முகப்பவுடர் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் ஹோஸ் பைப்பால் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஓரிடமாகத் தண்ணீர் விடட்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லாப் பக்கமும் வழிந்து எதுவும் தெரியாது. பவுடரில் விழும் கோடு வழியைக் காட்டும். டிக்கியில் ஸ்டெப்னி பள்ளத்தையும் பாருங்கள்; பின் விளக்கின் ரப்பர் போனால் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

இது வாடையோடு நிற்கும் விஷயமில்லை. பல வண்டிகளில் ஏர்பேக் கப்ளர் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஈரத்தில் அதன் பின்கள் பச்சை பூத்துவிட்டால் ஏர்பேக் விளக்கு எரியும். விபத்தில் ஏர்பேக் விரியாமலும் போகலாம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்று நாமே பார்த்தோம். பழைய வண்டி வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். சீட் போல்ட்டில் துருவைத் தேடுங்கள். விற்கிறவர் கார்பெட்டைத் தூக்க விடவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

ஓட்டுகிறவர்கள் செய்ய வேண்டியது இரண்டுதான். மழைக்கு முந்தைய சர்வீஸில் எல்லா வடிகாலையும் சுத்தம் செய்யச் சொல்லி, அதை ஜாப் கார்டில் எழுத வையுங்கள். ஒழுகல் வேலை என்றால், தண்ணீர் வந்த இடத்தை மெக்கானிக் கண்ணில் காட்டிய பிறகு காசு கொடுங்கள்.